காவி கட்டியவர் காசோலையில் கையெழுத்திடலாமா?

கேள்வி: கொங்குப் பகுதியில் இயங்கும் ஒரு பக்தி இயக்கத்தின் அறக்கட்டளையில் 11 ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து அறங்காவலர்கள் 5 பேர். நிறுவனரான சுவாமிகள்தான் ஆயுள்காலத் தலைவர், வயது 74. காசோலையில் அவர் ஒருவர் கையெழுத்தே போதும். பக்தர்கள் அனுப்பும் பணத்தில் பாதிக்கு மேல் அவருடைய சொந்த ஜி-பே எண்ணுக்குப் போகிறது. 2019-ல் அறக்கட்டளைப் பணத்தில் வாங்கிய இரண்டரை ஏக்கர் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. கட்டட வேலை முழுவதும் அவர் தம்பி மகனுக்கு. கேட்டதற்கு, சபை நடுவில் என்னைத் துரோகி என்றார். முற்றும் துறந்தவர் பணத்தைக் கையாளலாமா? நிதி இல்லறத்தார் கையில் இருக்க வேண்டாமா? ராஜினாமா செய்துவிட்டுப் போலீஸில் புகார் கொடுத்து, கோர்ட்டுக்கும் போகலாம் என்றிருக்கிறேன்.

பதில்: துறவி பணத்தைத் தொடலாமா என்பது ஆசிரமத்தில் பேச வேண்டியது. சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. மடாதிபதி ஆங்கிலச் சட்டம் சொல்லும் பொருளில் டிரஸ்டி அல்ல, ஆனால் நிர்வாகக் கேட்டுக்குப் பொறுப்பாளி என்று 1921-லேயே, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. சிரூர் மடம் வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம், தமக்கென்று வரும் பாத காணிக்கையை மடாதிபதி தம் விருப்பப்படி செலவிடலாம் என்றது. சுவாமிகளின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் உங்களுடையது மடம் அல்ல, சார்பதிவாளர் அலுவலகத்தில் பிறந்த அறக்கட்டளை. அங்கே அவர் ஐவரில் ஒருவர். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: பக்தர் அந்தப் பணத்தை யாருக்குக் கொடுத்தார்? விழா அழைப்பிதழில் அந்த ஜி-பே எண்ணுக்கு மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘அன்னதானத் திருப்பணிக்கு’ என்றிருந்தால் அது அறக்கட்டளைப் பணம். ‘குரு தட்சிணை’ என்றிருந்தால் அவருடையது என்று வாதாட இடம் உண்டு. அப்படி வாதாடினால், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்த அன்பளிப்பு அவர் கையில் வருமானமாகி வரிக்கு உட்படும். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்குச் சிக்கல்தான். உங்களிடம் இருக்கும் நல்ல துருப்பு இது. துரோகி என்று திட்டியது அல்ல.

இனி உங்கள் பக்கம். 11 ஆண்டு வரவு செலவுக் கணக்கில், பேலன்ஸ் ஷீட்டில், ஆடிட்டருக்குக் கொடுத்த உறுதிமொழியில் பொருளாளர் கையெழுத்து யாருடையது? இந்திய அறக்கட்டளைச் சட்டம் 1882 பொது அறக்கட்டளைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அதன் 26-வது பிரிவின் கொள்கையை நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. சக அறங்காவலர் செய்த தவறுக்கு நீங்கள் பொறுப்பல்ல. அந்தத் தவறு தெரிந்தும் மறைத்திருந்தால், அல்லது நியாயமான காலத்துக்குள் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் பொறுப்பு. 2019-ல் நிலம் வாங்கியது உங்களுக்கு அன்றே தெரியும். அன்று எழுத்தில் ஓர் எதிர்ப்பாவது பதிவு செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொருளாளர்கள் விழும் குழி இதுதான்: நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுப்பார்கள், விசாரணை அதிகாரி கணக்கைப் புரட்டுவார், புகார்தாரரே குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாமவராகிவிடுவார். 2024 ஜூலை 1-க்கு முந்தைய செயல்களுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 406-வது பிரிவு (நம்பிக்கை மோசடி) வரும். அதில் தண்டனை 3 ஆண்டு வரை, வழக்கை ஏற்கும் காலவரம்பும் 3 ஆண்டு. எனவே 2019 கதையை வெறும் 406-ல் நிறுத்துவது கடினம். நீங்கள் குறிவைக்கும் பெரிய தொகை தப்பிவிடும், அண்மையில் நீங்கள் கையெழுத்திட்டவை மாட்டும்.

வருமான வரித் துறைக்கு எழுதிப் போடுவதும் இதே கதைதான். நிறுவனருக்கோ அவர் உறவினருக்கோ ஆதாயமாகப் போன தொகைக்கு 30 சதவீத வரி, முதல் முறையே அந்த முழுத் தொகைக்கு ஈடான அபராதம். வரிச் சலுகைக்கான பதிவு ரத்தானால் அறக்கட்டளையின் நிகரச் சொத்தின் சந்தை மதிப்புக்கு உச்ச வீதத்தில் வரி. அதை அறக்கட்டளை கட்டாவிட்டால் அறங்காவலர்களிடமும் வசூலிக்கலாம். தம்பி மகனுக்குக் கொடுத்த கட்டட வேலைக்காக உங்கள் வீடு ஜப்தியாவதில் என்ன நியாயம் என்று கேட்பீர்கள். சட்டம் கேட்காது.

ராஜினாமா வேண்டாம், இப்போதைக்கு. பொறுப்பை ஏற்ற அறங்காவலர், பத்திரம் அனுமதித்தால் ஒழிய, தாமாக உதறிவிட்டுப் போக முடியாது. போனாலும் பழைய பொறுப்பு கூடவே வரும். இன்னொன்று: அசையாச் சொத்து இல்லாமல் தொடங்கிய அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தின் 4-ம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். பதவியில் இருக்கும்போதே சான்றிட்ட நகல் வாங்குங்கள். அதில் வங்கிக் கணக்கு ஷரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘தலைவர் தனித்து’ என்று இருந்தால் அவர் தனியாகக் கையெழுத்திட்டது மீறலே அல்ல. நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் கிரயப் பத்திர நகலும் யார் கேட்டாலும் கிடைக்கும். அந்தக் கிரயத்தொகை சென்ற வங்கிப் பதிவை இன்றே எடுத்துவையுங்கள்.

கோர்ட் என்றால், பொது அறக்கட்டளையின் நிர்வாகக் கேட்டுக்காக வழக்குப் போட வழிசெய்யும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவு என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து, மாவட்ட நீதிமன்றத்தில், அதன் முன் அனுமதியோடு போட வேண்டும். சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, வாதியின் சொந்த உரிமைச் சண்டை 92-ல் வராது என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சபையில் அவமானம், பதவிப் பறிப்பு என்று மனுவில் எழுதினால் அந்த வரிகளைக் காட்டியே அனுமதியை ரத்து செய்யக் கேட்பார்கள்.

இரண்டாவது இன்னும் ஆபத்து. உங்கள் வழிபாட்டுக் கூடத்தில் கும்பாபிஷேகம் ஆகி, தினமும் பூஜை நடந்து, உண்டியலும் இருந்து, பொதுமக்கள் உரிமையோடு வந்து வழிபட்டால், 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின்படி அது கோயில் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. கோபுரமோ கொடிமரமோ தேவையில்லை. அப்படியானால் அங்கே 92-வது பிரிவே பொருந்தாது. கோயிலா இல்லையா என்பதை முடிவு செய்வது அறநிலையத் துறை இணை ஆணையர். அவர் முன்னால் போனபின், நிர்வாகத்தைக் கவனிக்க அறநிலையத் துறையின் தக்கார் நியமனம் வரலாம். நிதி இல்லறத்தார் கைக்கு வர வேண்டும் என்று தொடங்கியவர் அதை அரசு அலுவலர் கைக்குக் கொடுத்துவிட்டு நிற்பார். சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், குறை தீரும்வரைதான் நிர்வாகத்தை எடுக்கலாம், காலவரையின்றி வைத்திருக்கக் கூடாது என்றது உண்மைதான். அந்தத் தீர்ப்பு வரும்வரை தீட்சிதர்கள் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு பெங்களூரு இஸ்கான் (ஹரே கிருஷ்ணா இயக்கம்) கோயில் வழக்கைப் பாருங்கள். மும்பையில் பதிவான சங்கத்துக்கும் பெங்களூரில் பதிவான சங்கத்துக்கும் இடையே வழக்கு 2001-ல் தொடங்கியது. 2009-ல் கீழ் நீதிமன்றத்தில் பெங்களூரு வென்றது, 2011-ல் உயர் நீதிமன்றத்தில் மும்பை, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி பெங்களூரு. தீட்சை யார் கொடுக்கலாம் என்ற தகராறு பின்னால் இருந்தாலும், தீர்ப்பு நின்றது பத்திரங்களின் மேல்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் பேசுங்கள், வழக்குப் போடுவதற்கு முன்பே. 92-ல் போட்டுவிட்டால் பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் சமரசம் செல்லாது. அதைவிட முக்கியம் அந்த இரண்டரை ஏக்கர். சுவாமிகள் காலமானால் தம்பி மகன்கள் வாரிசுச் சான்றிதழோடு வருவார்கள். துறவி சேர்த்தது ரத்த உறவுக்குப் போகாது என்று நீங்கள் சொல்ல, அவர் காவி கட்டியது மட்டும் போதாது. ஆத்ம சிராத்தம், விரஜா ஹோமம் முதலிய துறவேற்புச் சடங்குகள் நடந்ததை நிரூபிக்க வேண்டும். அதைப் பார்த்த சாட்சிகள் இன்று உயிரோடு இருக்கிறார்களா? அவர் இருக்கும்போதே, ‘அறக்கட்டளைப் பணத்தில், அறங்காவலர் என்ற முறையில் வாங்கியது’ என்று ஒரு அறிவிப்புப் பத்திரம் பதிவு செய்து வாங்குங்கள். அறங்காவலர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து பினாமி ஆகாது. சார்பதிவாளர் இதைக் கிரயம்போலக் கருதி முழு முத்திரைத் தீர்வை கேட்கக்கூடும். அதற்கும் பணம் ஒதுக்கிவிட்டுப் பேசப் போங்கள்.

சமரச ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகள்: வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையெழுத்து, அந்த மூவரில் சுவாமிகளும் இருக்கட்டும். நன்கொடைக்கு அறக்கட்டளைக் கணக்கின் கியூஆர் மட்டும். பூஜை, தீட்சை, விழா முழுவதும் அவர் அதிகாரம். அவருடைய சொந்தக் கணக்குக்கு வந்ததில் எது தட்சிணை, எது திருப்பணி என்று ஆடிட்டர் பிரிக்கட்டும். தட்சிணைக்கு அவர் வரி கட்டட்டும்.

ஒப்பந்தத்தில் எழுதவே கூடாதவை இரண்டு. ‘பழைய தொகையைத் தள்ளுபடி செய்கிறோம்’ என்று எழுதாதீர்கள். அந்தப் பணம் உங்களுடையது அல்ல, தள்ளுபடி செய்வதே புதிய நம்பிக்கை மீறல். தவணையில் திருப்பித் தருவதாக எழுதுங்கள். ‘போலீஸில் புகார் கொடுக்க மாட்டேன்’ என்றும் எழுதாதீர்கள். குற்ற வழக்கை அமுக்கும் ஒப்பந்தம் செல்லாது, அந்தக் காகிதம் உங்கள் மேல்தான் திரும்பும்.

அடுத்த அறங்காவலர் கூட்டத்துக்கு முன், உங்கள் ஆட்சேபத்தைத் தேதியோடு எழுதி மற்ற நால்வருக்கும் சேர்ப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திட்டு, சாபம், சாஸ்திரம் எதுவும் அதில் வேண்டாம். தொகை, தேதி, கணக்கு எண் போதும். இயக்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதுவரை போட்டதை அழிக்காதீர்கள். இனி ஒரு வரியும் போடாதீர்கள்.