விவாகரத்தும் சட்டத்தரணியும்: வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்த பல கடிதங்கள் விவாகரத்தைப் பற்றியவை என்பதால், அவற்றுள் ஐந்துக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பொதுச் சட்டத்தின்கீழ்த் திருமணத்தைப் பதிவு செய்தவர்களை மனதிற்கொண்டே இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் வருவோர் காதி நீதிமன்றத்தை நாட வேண்டும். அவர்களுக்கான முறை வேறு.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் 2013இல் பதிவுத் திருமணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கு வருடங்களுக்கு முன்னர் வேலைக்கென்று வவுனியாவுக்குப் போன கணவர் அங்கே வேறொரு பெண்ணுடன் வாழ்கிறார், பணம் அனுப்புவதில்லை. "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று கிராம அலுவலருக்கு முன்னால் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும், நீதிமன்றம் தேவையில்லை என்று என்னுடைய மாமா சொல்கிறார். சட்டத்தரணிக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. — வாசகி, ஒட்டுசுட்டான்

சகோதரி, அந்தக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். உங்கள் மாமா நல்லெண்ணத்துடனேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கடிதம் உங்களுக்கு இரண்டு வகையில் தீங்கானது. முதலாவதாக, அது விவாகரத்து ஆகாது. கிராம அலுவலரோ, பொலிஸ் நிலையமோ, மத்தியஸ்த சபையோ, கோயில் நிர்வாகமோ பதிவு செய்யப்பட்ட ஒரு திருமணத்தைக் கலைக்க முடியாது. மாவட்ட நீதிமன்றம் மட்டுமே அதனைச் செய்யலாம். இரண்டாவது தீங்கு பலருக்குத் தெரியாதது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழ்கிறார்கள் என்றால், மனைவி தனக்கெனப் பராமரிப்புப் பணம் கோர முடியாது. உங்களைக் கைவிட்டுச் சென்றவர் அவர். நீங்கள் சம்மதித்துப் பிரிந்தீர்கள் என்று எழுதிக் கொடுத்தால், உண்மைக்கு மாறான அந்த ஒரு வரியே நாளைக்கு உங்களுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் நிற்கும்.

விவாகரத்துக்கு முன்னரே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் பிள்ளைகளுக்குமான பராமரிப்புப் பணத்தைக் கோரி நீதவான் நீதிமன்றத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாம். அதற்கு விவாகரத்து வழக்கு இருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு வழக்கு முடியும்வரை காத்திருக்காது என்பதால், இதையே முதலில் செய்யும்படி நான் சொல்வேன்.

விவாகரத்துக்கான காரணங்களைத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றாக வரையறுத்திருக்கிறது: திருமணத்தின் பின்னரான பிறர்மனை உறவு, தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண நேரத்தில் இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது தாம்பத்திய இயலாமை. உங்கள் கணவர் விடயத்தில் முதலிரண்டுமே பொருந்தக்கூடும். ஆயினும் பிறர்மனை உறவு என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான சான்று வேண்டும். பொதுவாக அந்தப் பெண்ணையும் வழக்கில் எதிராளியாகச் சேர்க்க நேரும். வழக்கு நீளும், ஊர்வாயும் நீளும். கைவிட்டுச் சென்றார் என்பதை நிரூபிப்பது உங்கள் நிலையில் ஒப்பீட்டளவில் எளிது. எதைத் தெரிவது என்பதைச் சட்டத்தரணியுடன் இருந்து பேசி முடிவெடுங்கள். இவ்விடத்தில் மற்ற வாசகிகளுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அடி உதை தாங்காமல் நீங்களே வீட்டைவிட்டு வெளியேறியிருந்தாலும், வெளியேறச் செய்தவரே கைவிட்டவராகக் கருதப்படலாம். "வீட்டை விட்டு வந்தது நான்தானே, எனக்கு ஏது வழக்கு" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

பணம் இல்லை என்பது உங்களைத் தடுக்கக்கூடாது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்காகத் தானே சட்டத்தரணியை நியமித்து வழக்கை நடத்துகிறது. உங்களுக்கு அண்மையிலுள்ள அதன் அலுவலகம் எது என்பதை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலோ, பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ கேட்டறியலாம். கிராம அலுவலரிடம் பிரிவுக் கடிதத்துக்காகப் போகாமல், வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதத்துக்காகப் போங்கள். அடி, மிரட்டல் போன்றவையும் இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம்.

முதன்முறை சட்டத்தரணியைச் சந்திக்கப் போகும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை ஆகியவற்றுடன், கணவர் போன திகதி, கடைசியாகப் பணம் அனுப்பிய திகதி, நீங்கள் அவரைத் திரும்ப அழைத்த சந்தர்ப்பங்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிக் கொண்டு போங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதியையும், தொலைபேசியில் வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். 2009இல் இடம்பெயர்ந்தபோது சான்றிதழ்களை வழியில் தொலைத்தவர்கள் நம்மிடையே ஏராளம். அதற்கு முன்னர் திருமணம் செய்தவர்கள், திருமணம் பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே பதிவேடு இல்லையென்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, சகோதரி. உங்களுக்குப் பாதகமான செய்தி ஏதும் இருந்தால் அதையும் சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள். நீங்கள் அவரிடம் தொழில்முறையாகச் சொன்னதை உங்கள் சம்மதமின்றி வெளியிடச் சான்றுக் கட்டளைச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் வாயிலிருந்து அதனை உங்கள் சட்டத்தரணி முதன்முதலாகக் கேட்பதைவிட மோசமான நிலை வேறில்லை. விவாகரத்து முடிவானதும் சட்டத்தின் பார்வையில் நீங்கள் உங்கள் கணவரின் மனைவியாக இருக்கமாட்டீர்கள் என்பதால், உங்களுக்கான நிரந்தரப் பராமரிப்பை வழக்குரையிலேயே சேர்த்துக் கேட்கும்படியும் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான தந்தையின் கடமை விவாகரத்தால் நீங்குவதில்லை.

கேள்வி: மனைவி என்மீது விவாகரத்து வழக்குத் தொடுத்திருக்கிறார். நான் ஒரு சட்டத்தரணியிடம் புரொக்சியில் கையெழுத்து வைத்தேன். அவர் தவணைத் திகதியைக்கூடச் சொல்வதில்லை. கேட்டால் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சொல்லாமல் வேறொருவரிடம் போகலாமா? — வாசகர், பரந்தன்

சொல்லாமல் போக முடியாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, புரொக்சி என்றால் என்ன என்பதை அறிய வேண்டும். உங்கள் வழக்கை நடத்த ஒரு சட்டத்தரணியை நியமித்து நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரமே அது. நம்முடைய பாட்டன்மார் காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரு வகையினர் இருந்தனர். பிறக்கிராசி கட்சிக்காரரிடம் பத்திரம் பெற்று வழக்கின் எழுத்து வேலைகளைக் கவனிப்பார். அப்புக்காத்து மன்றில் எழுந்து வாதாடுவார். 1974இலிருந்து இரு பிரிவும் ஒன்றாகி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர். ஆனாலும் வழக்கில் அந்த இரு வேலைகளும் இன்றுவரை இருக்கின்றன: புரொக்சி பெற்றவர் பதிவு பெற்ற சட்டத்தரணி, வாதாடுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். நீங்கள் கையெழுத்திட்ட பத்திரம் நீதிமன்றக் கோவையில் இருக்கும்வரை, அவருக்குக் கொடுக்கப்படும் அறிவித்தல் உங்களுக்கே கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். உங்கள் சார்பில் அவரே நடவடிக்கை எடுக்க முடியும்.

சட்டத்தரணியை மாற்றுவது உங்கள் உரிமை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி, பழைய சட்டத்தரணிக்கு அறிவித்தல் கொடுத்து, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்தின் மூலம், நீதிமன்றத்தின் அனுமதியுடன் பழைய புரொக்சியை நீக்க வேண்டும். அதன் பின்னரே புதியவரின் பத்திரம் செல்லும். பெரும்பாலும் பழையவரே சம்மதக் கையொப்பம் இட்டுத் தருவார்; செலுத்தாத கட்டணம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன்னர், அடுத்த தவணை எப்போது, எதற்காக, வழக்குக்கு உங்கள் எழுத்துமூல விடை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டதா ஆகிய மூன்று கேள்விகளையும் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். வழக்கு இலக்கம் தெரிந்தால் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே தவணையை விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். தவணைக்கு யாரும் தோன்றாமல் போனால் வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்பட்டுத் தீர்ந்துவிடலாம். பிள்ளைகளைப் பார்ப்பது பற்றிய உங்கள் தரப்பை நீதிபதி கேட்காமலேயே கட்டளை பிறக்கலாம். தொழில் ஒழுக்கத்துக்கு மாறான நடத்தை என்று நீங்கள் உண்மையில் கருதினால் உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு செய்ய வழியுண்டு. அது நடந்த தவறுக்கான பரிகாரம். உங்கள் வழக்கை அது காப்பாற்றாது.

கட்டணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவதில் வெட்கம் வேண்டாம். முழு வழக்குக்கும் ஒரு தொகையா, ஒவ்வொரு தவணைக்கும் தனியா, வாதாடுபவருக்கு வேறாகக் கொடுக்க வேண்டுமா என்பதைக் கேளுங்கள், கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எவருக்கும் கையெழுத்து வைக்காதீர்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிவிட்டே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: என் கணவர் இலண்டனில் இருக்கிறார். அங்குள்ள ஒரு சொலிசிட்டரிடமிருந்து விவாகரத்துப் பத்திரம் வந்திருக்கிறது. சொலிசிட்டர் என்பவர் நீதிமன்ற அதிகாரியா? பதில் போடாமல் விட்டால் வழக்கு நின்றுவிடுமா? — வாசகி, நெடுங்கேணி

சொலிசிட்டர் நீதிமன்றத்தின் சார்பில் உங்களுக்கு எழுதுபவர் அல்லர். அவர் உங்கள் கணவரின் சட்டத்தரணி. மரியாதையாக எழுதியிருந்தாலும் அவர் கணவரின் நலனுக்காகவே எழுதுகிறார், உங்களுக்கு ஆலோசனை சொல்வது அவருடைய வேலையன்று. நம் நாட்டில் மறைந்துவிட்ட பிறக்கிராசி, அப்புக்காத்துப் பிரிவு அங்கே சொலிசிட்டர், பாரிஸ்டர் என்று இன்னும் இருக்கிறது.

பதில் போடாமல் இருந்தால் வழக்கு நிற்காது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் எவருடைய குற்றத்தையும் நிரூபிக்காமலேயே, திருமணம் முறிந்துவிட்டது என்ற ஒருவரின் கூற்றின் பேரில் விவாகரத்துப் பெறலாம். "நான் சம்மதிக்கவில்லை" என்பது அங்கே எதிர்வாதமாக ஏற்கப்படுவதில்லை. அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பன போன்ற ஒரு சில காரணங்களே எடுபடும். விண்ணப்பம் பதிவாகி 20 வாரங்களின் பின்னரே நிபந்தனைக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கப்பட்டதிலிருந்து 6 வாரமும் 1 நாளும் கழிந்த பின்னர் இறுதிக் கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தக் கால அவகாசத்தை வீணாக்காமல், பத்திரம் கிடைத்த திகதியைக் குறித்து வைத்து, அதிலுள்ள பதில் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் பெற்றுக்கொண்டதற்கான படிவத்தை அனுப்புங்கள்.

முக்கியமானது பணம் பற்றிய விடயம். அங்கே விவாகரத்துக் கட்டளையும் சொத்து, பராமரிப்பு பற்றிய கட்டளையும் வெவ்வேறு. "இதில் கையெழுத்திட்டால் விரைவில் முடிந்துவிடும்" என்று சொல்லி, உங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்ற சம்மதப் பத்திரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கக்கூடும். அதை மாத்திரம், உங்களுக்கென ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையொப்பமிடாதீர்கள். அங்கே விவாகரத்துக்கான அரச சட்ட உதவி 2013இலிருந்து மிகவும் குறைக்கப்பட்டு, பெரும்பாலும் குடும்ப வன்முறைக்குச் சான்றுள்ளவர்களுக்கே கிடைக்கிறது. ஆகவே வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ உள்ள ஒரு சட்டத்தரணியிடம் பத்திரங்களைக் காட்டித் தொடங்குங்கள். அங்கே பெறப்படும் கட்டளை இங்கே உங்கள் மறுமணத்துக்கும் சொத்துக்கும் என்ன விளைவைத் தரும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சீதனமாகக் கிடைத்த என் காணியை விற்று மகளின் படிப்புக்குச் செலவிட விரும்புகிறேன். பிரிந்து போன கணவர் கையெழுத்துத் தர மறுக்கிறார். விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? — வாசகி, கனகராயன்குளம்

காத்திருக்க வேண்டியதில்லை. வடமாகாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, காணி தன்னுடையதாகவே இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. நொத்தாரிசு உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதற்குக் காரணம் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமே. ஒரு பெண்ணின் சொத்துக்கு, அவளைக் கைவிட்டவனின் கையெழுத்தைக் கேட்கும் இந்த ஏற்பாடு மாற வேண்டியது என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது: கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். இதற்கு விவாகரத்து வழக்கு தேவையில்லை.

சட்டத்தரணியிடம் போகும்போது காணியின் மூலப் பத்திரத்தைக் கொண்டு போங்கள். அது உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்பதை அவர் முதலில் பார்ப்பார். வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ள பல காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. அவற்றைக் கணவர் சம்மதித்தாலும் விரும்பியபடி விற்க முடியாது.

கேள்வி: ஏழு வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்து தானாகவே ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா? — வாசகர், மாங்குளம்

உண்மையன்று. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பின்றித் திருமணம் கலையாது. அவ்வாறு நம்பி மறுமணம் செய்வது இருதார மணமாகிய குற்றம். தண்டனைச் சட்டக் கோவையின்படி அதற்கு 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தீர்ப்புக் கிடைத்தவுடன்கூட மணநாள் குறித்துவிடாதீர்கள். முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பு; குறைந்தது 3 மாதங்கள் கழிந்து அது இறுதித் தீர்ப்பாக்கப்பட்ட பின்னரே மறுமணம் செய்யலாம். அந்த இறுதித் தீர்ப்பின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைச் சட்டத்தரணியிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். மறுமணத்தைப் பதியும்போது விவாகப் பதிவாளர் கேட்பது அதனையே.