தூக்க மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறேன், வயது 54. நாலு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. 9 மணிக்குப் படுத்தாலும் புரண்டு புரண்டு 12 ஆகிவிடுகிறது. 5 மணிக்கு எழுந்துவிடுகிறேன். மெடிக்கலில் தினமும் வாங்கிப் போடும் அல்பிரசோலம் இப்போது ஒன்று போதவில்லை. குறட்டையும் அதிகம் என்கிறார் மனைவி. மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள். இந்த மாத்திரை சில வாரங்களிலேயே உடம்புக்குப் பழகிவிடும். திடீரென்று விட்டால் படபடப்பு, கைநடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் குறட்டைதான். தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திணறலோடு திரும்புகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். பகலில் வரப்பில் உட்கார்ந்தாலே கண் செருகுகிறதா? அப்படியென்றால் மூச்சுத்தடை இருக்கலாம். தூக்க மாத்திரையும் மதுவும் அதை இன்னும் மோசமாக்கும். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஸ்லீப் ஸ்டடியில் (தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனை) உறுதியானால் எடைக் குறைப்பு, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி என்று வழி இருக்கிறது. கால் குடைச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மனம் சோர்ந்து கிடந்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

இதெல்லாம் இல்லையென்றால், வாரம் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாள்பட்ட தூக்கமின்மை இது. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, சிபிடி எனப்படும் பழக்க மாற்றச் சிகிச்சை. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் அதன் உயிர்நாடி. நீங்கள் தூங்குவது 5 மணி நேரம், படுத்திருப்பதோ 8. ஆகவே இரவு 11.30-க்குப் படுங்கள், 5-க்கு எழுந்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காருங்கள், கண்ணைச் சுழற்றும்போது மட்டும் திரும்பப் படுங்கள். படுத்த நேரத்தில் பெரும்பகுதி தூங்க ஆரம்பித்ததும் வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். முதல் இரண்டு வாரம் அசதியாக இருக்கும், டிராக்டர் ஓட்டாதீர்கள். வலிப்பு நோய் இருப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது.

காப்பியை மதியத்தோடு நிறுத்துங்கள். மாலை 6 மணிக்குக் குடித்த டிகிரி காப்பியின் காஃபீனில் பாதி, 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். முறைத் தண்ணீருக்காக இரவில் வயலில் நிற்கும் நாட்களில் இந்தக் கணக்கு நடக்காது, சரி. மறுநாள் மதியம் 20 நிமிடம் கண்ணயருங்கள், அன்று இரவே பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.