கடற்கரை வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கீழக்கரைக்காரன், துபாயில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன்னுடைய லைக்கா எம் (டைப் 240) கேமராவை எனக்கு நியாயமான விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பாடி மட்டும்தான், லென்ஸ் இல்லை. லைக்கா லென்ஸ்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது நம் கரையை எடுக்க ஆசை. கரைவலை இழுப்பவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், பாம்பன், தனுஷ்கோடி எல்லாம். 35 மி.மீ. லென்ஸ் வாங்கவா, 50 வாங்கவா? ரஷ்ய லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே, நம்பி வாங்கலாமா? எஃப் 1.4 இல்லாவிட்டால் இந்தக் கேமரா வைத்திருப்பதே வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் கண்ணாடி அணிபவன், அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜ.

அன்புள்ள ஜ.,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஃபோக்ட்லேண்டர் 35 மி.மீ. எஃப் 2.5 கலர் ஸ்கோப்பர். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள். கூடவே அதற்கான 39 மி.மீ. யுவி ஃபில்டர் ஒன்று. இந்த விடுமுறைக்கு வேறு லென்ஸ் வேண்டாம். லைக்காவின் புது 35 சும்மிக்ரான் லென்ஸ் லட்சங்களில் போகிறது, இது சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் கரையில் எடுக்க இதுதான் பொருத்தமானது என்று நம்புகிறேன்.

எஃப் 1.4 விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் (அபர்ச்சர்) பெரிதாகும், வெளிச்சம் அதிகம் நுழையும். உங்கள் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் எண்) 200. ஷட்டரின் அதிகபட்ச வேகம் 1/4000 நொடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200-க்கு எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/200 என்பது பழைய கணக்கு. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாகத் திறந்து வாருங்கள் (ஒரு ஸ்டாப் திறந்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும்). எஃப் 8-ல் 1/800, எஃப் 4-ல் 1/3200. எஃப் 2.8-க்கு வந்தால் 1/6400 வேண்டும், அது உங்கள் கேமராவில் இல்லை. தனுஷ்கோடி மணலில் வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும், ஆகவே இன்னும் ஒரு ஸ்டாப் மூட வேண்டிவரும். காலை ஒன்பது மணிக்கு மேல், மாலை நான்கு மணி வரை, நம் கரையில் எஃப் 4-க்குக் கீழே லென்ஸைத் திறக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ-வை 100-க்கு இறக்கலாம், என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) மாட்டலாம். அதெல்லாம் வாங்கிய எஃப் 1.4-ஐ எப்படியாவது பயன்படுத்த வேண்டுமே என்பதற்காகப் படும் பாடு. விடியுமுன் நடக்கும் மீன் ஏலம் மட்டும்தான் விதிவிலக்கு. அங்கே எஃப் 2.5-க்கும் 1.4-க்கும் ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகமான வித்தியாசம் உண்டு. ஐஎஸ்ஓ 3200 வைத்து, விளக்கு விழும் முகங்களாகப் பார்த்து எடுங்கள், போதும்.

இன்னொரு காரணம் யாரும் அதிகம் சொல்லாதது. நம் கரையில் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் கடலும் வானமும் சேரும் கோடு இருக்கும். லென்ஸ் நேர்கோட்டை வளைத்துக் காட்டினால் அந்தக் கோடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். தெருவில், மரத்தடியில் எடுக்கும்போது தெரியாத குறை, ஓலைக்குடா கடற்கரையில் அப்பட்டமாகத் தெரியும். பலரும் சிபாரிசு செய்யும் ஃபோக்ட்லேண்டர் 35 எஃப் 1.4 நோக்டானில் இந்த வளைவு கண்ணில் படும் அளவுக்கே உண்டு. அபர்ச்சரை மூட மூட ஃபோகஸ் கொஞ்சம் தள்ளிப்போகும் பழக்கமும் அதற்கு உண்டு. ஸ்கோப்பரில் இந்தத் தொல்லை குறைவு. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் ஸீஸ் 35 எஃப் 2.8 சி பயோகானைப் பாருங்கள். நேர்கோடு நேராகவே விழும். ஸீஸ் என்று பெயர் இருந்தாலும் ஃபோக்ட்லேண்டரைச் செய்யும் அதே ஜப்பானிய கோசினா நிறுவனம்தான் அதையும் செய்கிறது.

சரி, ஏன் 50 வேண்டாம்? 35 அகலமாகப் பார்க்கும், 50 குறுகலாகப் பார்க்கும். வள்ளத்தில் ஏறிப் பாருங்கள். எதிரே வலையைப் பிரிப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே நான்கடி இருந்தால் அதிகம், பின்னால் நகர இடம் கிடையாது. இந்த 35-ல் 0.7 மீட்டர் வரை நெருங்கலாம். அந்தத் தூரத்தில் சட்டத்துக்குள் ஏறத்தாழ இரண்டடி அகலம் விழும். நண்டை வலையிலிருந்து கழற்றும் இரண்டு கைகள், மடியில் கிடக்கும் வலை, குனிந்த முகம் எல்லாம் அடங்கிவிடும். பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்களை எடுக்கவும் இதுதான் சரி. தூரத்தில் நின்று ஒளிந்து எடுக்க முடியாது, பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். பேசாமல் அவர்களை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கண்ணாடி அணிபவர் என்கிறீர்கள். வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் கோடுகளில், 28 மி.மீ. லென்ஸுக்கான கோடுகள் உங்களுக்கு முழுதாகத் தெரியாது, 35-ன் கோடுகள் பெரும்பாலும் தெரியும். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தை எடுக்க மட்டும் 50 நன்றாக இருக்கும், 35-ல் பாலம் மெலிந்துபோகும். அது அடுத்த வருடம் ஆகட்டும். கோதண்டராமர் கோயில் பக்கம் வரும் பூநாரைகளை இந்தக் கேமராவில் எடுக்க நினைக்கவே வேண்டாம்.

கரைவலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பட்டியலில் அதுதான் முதலில் இருக்கிறது. கரையில் நின்று இரண்டு வரிசையாக வலையின் கயிற்றை இழுப்பார்கள். நேரம் ஆக ஆக இரண்டு வரிசையும் நெருங்கி வரும். வலையின் மடி (மீன் சேரும் பை) கரைக்கு வரும் கடைசி சில நிமிடங்களில் எல்லாரும் ஒரே இடத்தில் குவிவார்கள், கத்துவார்கள், தண்ணீர் தெறிக்கும். அப்போது வியூஃபைண்டரில் இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்துகொண்டிருந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். முன்கூட்டியே அபர்ச்சரை எஃப் 8-ல் வையுங்கள், தூரத்தை 3 மீட்டரில் வையுங்கள். கணக்குப்படி ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும். இது ஃபிலிம் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு இரண்டு முனையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. ஸ்கோப்பரில் விரல் வைக்க ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. சில நாள் பழகினால் குமிழ் எங்கே நின்றால் எத்தனை மீட்டர் என்று பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிடும். நேரம் இருந்து ஃபோகஸ் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரின் (தூரத்தைக் கணித்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பு) இரட்டைப் பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும். கடல் கோட்டின் மேலோ படகின் விளிம்பிலோ வைத்துப் பார்த்தால் சேர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. கொடிக்கம்பம், பனைமரம், நிற்கும் ஆள் என்று செங்குத்தாக எதையாவது பிடியுங்கள்.

ரஷ்ய லென்ஸ்களை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜூப்பிட்டர்-8 என்ற 50 எஃப் 2 அழகான லென்ஸ், மறுக்கவில்லை. ஆனால் அது ஸீஸின் காண்டாக்ஸ் கேமராவின் அளவை வைத்துப் பிறந்த குடும்பம். லைக்கா 50 என்று சொல்வது உள்ளபடி 51.6 மி.மீ., காண்டாக்ஸில் 52.4. தூரத்தில் பார்க்கும்போது இது தெரியாது. ஒரு மீட்டரில், எஃப் 2-ல், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வேறெங்கோ போய் நிற்கும். ஃபிலிமில் பொறுத்துக்கொண்டார்கள், டிஜிட்டலில் உங்களால் முடியாது. ஜூப்பிட்டர்-12 என்ற 35-ன் பின்கண்ணாடி கேமராவுக்குள் வெகுதூரம் நீண்டு போகும். அதை வாங்கவே வேண்டாம்.

சீன லென்ஸ்களில், செவன் ஆர்ட்டிசன்ஸ், டிடி ஆர்ட்டிசன் இரண்டும் புதிதாகவே மலிவாகக் கிடைக்கும். படம் மோசமில்லை. ஃபோகஸ் சரியாகப் பொருந்துவதுதான் ஒன்றுக்கொன்று மாறும். மாற்றிக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். பின்னால் 50 வேண்டும் என்று தோன்றினால் 1950-களின் கேனன் 50 எஃப் 1.8-ஐத் தேடுங்கள். 1954-ல் எம் மவுண்ட் (உங்கள் கேமராவில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு) வருவதற்கு முன்பிருந்த திருகு மவுண்டில் வரும், ஒரு அடாப்டர் வளையம் போதும். வளையத்தை 50-க்கு உரியதாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வியூஃபைண்டரில் வேறு கோடு வந்து நிற்கும். அந்த லென்ஸில் அபர்ச்சருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் பால் படர்ந்ததுபோல் மங்கல் வருவது சகஜம். ஃபோன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் உப்பு. டைப் 240 பாடிக்குத் தூசி, தூறலிலிருந்து காப்பு உண்டு. லென்ஸ் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் கிடையாது. ஆகவே கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், ஒரே லென்ஸ் போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதில் இதுவும் சேர்த்தி. ஆடியில் வந்தால் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் மணலும் சாரலும் அடிக்கும். அந்தச் சமயத்தில் பெண் கடல் என்று நம் ஆட்கள் சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும், அங்கே போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காலம், நிலைமை தலைகீழாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைத் துணியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுகுமிழால் ஊதி மணலை விரட்டுங்கள், பிறகு லேசாக ஈரப்படுத்திய துணியால் உப்பை எடுங்கள், கடைசியாக உலர்ந்த துணி. இரவில் பீரோவிலோ தோல் பையிலோ வைக்க வேண்டாம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், முடிந்தால் சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் பூஞ்சை வராது. எஃப் 1.4-ஐ விட்டதில் மிச்சமாகும் பணத்தில் இதை முதலில் வாங்குங்கள்.

லென்ஸ் கைக்கு வந்ததும் துபாயிலேயே சோதித்துவிடுங்கள். உங்கள் கேமராவில் லைவ் வியூ (லென்ஸ் பார்ப்பதைத் திரையில் நேரடியாகக் காட்டுவது) இருப்பது பெரிய வசதி. மேசையில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, முக்காலியில் கேமராவை நிறுத்தி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு மீட்டரில் ஒரு எண் மேல் ரேஞ்ச்ஃபைண்டரால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்படியே லைவ் வியூவில் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த எண்தான் கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு தூரத்துக் கட்டடம் ஒன்றில் முடிவிலிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பக்கமாகத் தள்ளி விழுந்தால் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நண்பரிடம் வேறு லென்ஸ் இருந்தால் வாங்கி மாட்டிப் பாருங்கள், அதிலும் அப்படியே வந்தால் சந்தேகமே இல்லை. அதைச் சரிசெய்யும் ஆள் ராமநாதபுரத்தில் கிடையாது, அங்கேயே பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

அன்புடன்,
அண்ணன்