நடுவில் மடங்கும் புரதம்

கேள்வி: ஒரே புரதத்தின் இரண்டு கட்டமைப்புகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் பெரிய வித்தியாசம் வருகிறது. எதை நம்புவது, சார்?
– முதுகலை மாணவி, திருச்சி

பதில்: இரண்டையும் நம்பலாம், பொருத்திய விதம்தான் சரியில்லை. கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலின் என்ற புரதத்தையே பாருங்கள். 148 அமினோ அமிலங்கள், இரண்டு பகுதிகள், நடுவே நீண்ட சுருள். 1985-இல் எக்ஸ் கதிர்ப் படிகத்தில் டம்பெல் மாதிரி நீண்டு நின்றது. 1992-இல் இக்குரா, பாக்ஸ் குழுவினர் என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையில்) பார்த்தபோது, நடுச்சுருள் மடங்கி, இரு பகுதிகளும் தசை நொதி ஒன்றின் துண்டைக் கவ்வியிருந்தன. மொத்தமாகப் பொருத்தினால் ஆர்.எம்.எஸ்.டி., அதாவது இரு கட்டமைப்புகளின் அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற எண், எகிறத்தான் செய்யும். அந்த ஒற்றை எண்ணை மட்டும் அட்டவணையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முதல் பகுதியைத் தனியே பொருத்துங்கள், அப்புறம் இரண்டாவதை. கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். பகுதிகளுக்கு இடையிலான கோணத்தைத் தனியாக அளந்து எழுதுங்கள். ஆனால் இரண்டும் கால்சியம் பிடித்த நிலைதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கால்சியம் இல்லையென்றால் பகுதிக்குள்ளேயே சுருள்கள் இடம் மாறியிருக்கும்.