கடலோர வீட்டில் நீச்சல் குளம்: கடன் வாங்கிக் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். கரினி பக்கம், கடலிலிருந்து சுமார் 250 மீட்டர் தூரத்தில், காணியோடு ஒரு மாடி வீடு வாங்கினோம். மேலே நாங்கள் இருக்கிறோம். கீழ்த்தளத்தைக் கோடையில் வாரம் 700 யூரோவுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். வருடத்தில் பன்னிரண்டு வாரம் நிரம்பும். 8க்கு 4 மீட்டரில் நீச்சல் குளம் கட்டினால் வாரம் 1,000 வாங்கலாம் என்கிறான் மகன். பிரெவெந்தீவோ (செலவு மதிப்பீடு) 34,000 யூரோ. கையில் 18,000 இருக்கிறது. மீதி 16,000க்கு வங்கி 7.5% வட்டியில் ஏழு வருடக் கடன் தருகிறது. செய்யலாமா?

பதில்: உங்கள் மகன் வருமானத்தைத்தான் பார்த்திருக்கிறார், அதில் தப்பில்லை. ஆனால் அந்த பிரெவெந்தீவோவின் கடைசி வரியை ஒருமுறை பாருங்கள். "ஈவா (மதிப்புக் கூட்டு வரி) நீங்கலாக" என்று சின்ன எழுத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால், 22% ஈவா சேர்த்து 34,000 என்பது 41,480 ஆகிவிடும். கடனும் 16,000 இல்லை, 23,480. மாதத் தவணை சுமார் 360 யூரோ.

இப்போது வரவு. வாரத்துக்கு 300 கூடினால் பன்னிரண்டு வாரத்தில் 3,600. ஒரே வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடும் உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் செதொலாரே செக்காவில் (வாடகைக்கான நிலையான விகித வரி) 21% கட்டுகிறார்கள். 756 அதில் போகும். முன்பதிவுத் தளத்துக்கு 15% கமிஷன் என்று வைத்தால் இன்னொரு 540. மிஞ்சுவது 2,304. குளத்தின் மருந்து, தண்ணீர், மின்சாரம், காப்பீடு, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆள் கூலி எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 1,500 ஒதுக்குங்கள். கையில் நிற்பது 804 யூரோ. தவணையோ வருடத்துக்கு 4,320. அதாவது ஏழு வருடமும் உங்கள் சம்பளத்திலிருந்து வருடம் 3,500 யூரோ குளத்துக்குள் போகும். கடனே இல்லாமல் கட்டினாலும், 804 யூரோவை வைத்து 41,480ஐ மீட்க ஐம்பது வருடம் ஆகும்.

"செலவைக் கழித்து வரி கட்டலாமே" என்று யாராவது சொல்வார்கள். செதொலாரே செக்காவில் அது நடக்காது. மொத்த வாடகைக்குத்தான் வரி, குளம் கட்டிய செலவில் ஒரு யூரோ கூடக் கழிக்க முடியாது. வீடு புதுப்பிப்புக்குக் கிடைக்கும் வரிச் சலுகையை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். புதிதாகக் குளம் தோண்டுவது அந்தக் கணக்கில் வருவதில்லை.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது அந்த 250 மீட்டர்தான். இத்தாலியில் கடற்கரையிலிருந்து 300 மீட்டர் வரையிலான நிலம் இயற்கைக் காட்சிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கொமூனே (உள்ளூராட்சி மன்றம்) அனுமதி மட்டும் போதாது, சொப்ரிந்தெந்த்சாவும் (பாரம்பரியத்தையும் இயற்கைக் காட்சியையும் காக்கும் அரசு அலுவலகம்) சம்மதிக்க வேண்டும். சிசிலியில் 1976 முதல் கடலோர 150 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது என்ற தடையும் இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டி இருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கரினிக் கடலோரத்தில் அனுமதியில்லாமல் எழுப்பிய வீடுகளை இடித்துத் தள்ளியதை அங்கே இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டஸ்கனியில் இருக்கும் நண்பர் "ஒரு தாள் கொடுத்தால் போதும்" என்றாலும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். சிசிலி தன்னாட்சிப் பிரதேசம், கட்டட விதியில் அதற்குச் சொந்தச் சட்டம் உண்டு.

இன்னொன்று. குளத்துக்கு மனுப் போட்டால் வீட்டின் பழைய வரைபடமும் மேசைக்கு வரும். முன்பு இருந்தவர் பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால், பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டிருந்தால், அதெல்லாம் அப்போது வெளியே வரும். அதனால் குளம் விற்பவரைக் கூப்பிடும் முன்னால் ஒரு ஜியோமெத்ராவுக்கு (நில அளவையும் கட்டட வரைபடமும் பார்க்கும் நிபுணர்) சில நூறு யூரோ கொடுத்து வீட்டின் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் நீங்கள் செய்யும் மிக லாபமான செலவு இதுவாகத்தான் இருக்கும். அனுமதியில்லாத குளம் இருந்தால் நாளைக்கு வீட்டை விற்கும்போது விலையிலும் அடி விழும், நொத்தாரியோவிடமும் (பத்திரம் முடிக்கும் நோட்டரி) இழுபறிதான்.

குளம் வந்தால் வீடு "ஆடம்பர வீடு" ஆகிவிடும் என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். 1969ஆம் ஆண்டு ஆணை சொன்னது 80 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள குளத்தை. உங்களுடையது 32. பயப்பட வேண்டாம். ஆனால் வேலை முடிந்த முப்பது நாளுக்குள் கதாஸ்தோவில் (நிலம், கட்டடப் பதிவேடு) மாற்றத்தைப் பதிய வேண்டும்.

தண்ணீரையும் யோசியுங்கள். 1.4 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். 2024இல் சிசிலி வறட்சியில் தவித்தபோது பலெர்மோவிலேயே தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். கோடையில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் ஆவியானாலே 160 முதல் 190 லிட்டர் குறையும். இரவில் மூடி போடும் பழக்கம் இல்லாவிட்டால் தண்ணீர் லாரிக்காரருக்கு நீங்கள் நிரந்தர வாடிக்கையாளர். மின்சாரமும் அப்படித்தான். பெரும்பாலான வீடுகளைப் போல உங்களுடையதும் 3 கிலோவாட் இணைப்பாக இருந்தால், கீழே விருந்தினர் ஏசியும் மேலே உங்கள் மின்சார அடுப்பும் ஓடும்போது பம்பும் சேர்ந்தால் கரண்ட் போய்விடும். இணைப்பைக் கூட்டும் செலவு எந்த பிரெவெந்தீவோவிலும் இருக்காது.

என் யோசனை இது. இந்த வருடம் தோண்ட வேண்டாம். தரைக்கு மேலே வைக்கும், இரும்புச் சட்டக் குளம் 1,000, 1,500 யூரோவுக்குள் கிடைக்கும். தேசியச் சட்டப்படி பருவகாலத்துக்கு மட்டும் வைத்து, கழற்றும் நாளையும் சேர்த்து 180 நாளுக்குள் எடுத்துவிடும் பொருள்களுக்குப் பெரிய அனுமதி தேவையில்லை, கொமூனேக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும். உங்கள் 300 மீட்டர் வட்டத்தில் அது எப்படி என்பதையும் அதே ஜியோமெத்ராவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரப் படத்தில் குளத்தைப் போட்டு வாடகையை 100 யூரோ கூட்டிப் பாருங்கள். ஆட்கள் மறுபேச்சில்லாமல் வந்தால், மேலும் முக்கியமாக, ஜூனிலும் செப்டம்பரிலும் இப்போது காலியாகக் கிடக்கும் வாரங்கள் நிரம்பினால், மகன் சொல்வதில் பொருள் இருக்கிறது. அப்போது வேறு கணக்குப் போடலாம்.

"வாடகை கிடக்கட்டும், பேரப்பிள்ளைகள் குளிக்கட்டும்" என்பது உண்மையான காரணம் என்றால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது முதலீடு இல்லை, செலவு, அவ்வளவுதான். அப்படியானால் கடன் வாங்காமல், சேமிப்பில் ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் சின்னதாகக் கட்டுங்கள்.

எப்போது கட்டினாலும், வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஃபைபர் குளம் முழுத் தொட்டியாக லாரியில் வரும்; வளைவில் திரும்பாவிட்டால் கிரேன் பிடிக்க வேண்டும், அந்தப் பணம் உங்கள் தலையில். ஒழுங்கை குறுகலாக இருந்தால் இரும்புத் தகடும் பிவிசி விரிப்பும் போட்ட வகை தோது. தோண்டிய மண்ணை அகற்றுவது யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். இத்தாலியில் 5,000 யூரோவும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாற்றுவது எப்படியும் சட்டவிரோதம்.