குதித்து இறங்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார்கள். ரோடே இல்லாத மலைப்பகுதிக்குப் படையை விமானத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடலாமே? மலையைக் குடைந்து சுரங்கப்பாதை எதற்கு? – ஒரு வாசகர், கம்மவான்பேட்டை

பதில்: இறக்கிவிடலாம், சந்தேகமே இல்லை. 1988 நவம்பர் 3-ல் கலகக்காரர்கள் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தபோது மாலத்தீவு அதிபர் உதவி கேட்க, ஆக்ராவிலிருந்து கிளம்பிய நம் பாராசூட் படை அன்றிரவே அங்கே விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே தீவில் இறங்கிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அங்கே ஓடுதளம் இருந்தது, அது கலகக்காரர்கள் கையில் இல்லை, அதனால் யாரும் குதிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1948-ல் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வந்த படையிடமிருந்து லடாக்கின் லே நகரைக் காப்பாற்றியதும் ஓடுதளம்தான். சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் உள்ளூர் மக்களை வைத்து அதைப் போட்டுக் கொடுத்தார், மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், தரைப்படைத் தளபதி திம்மய்யாவையும் ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார். அந்த நோர்புவின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டும்.

போய்ச் சேருவதைவிட அங்கே தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம். குதிக்கிறவர் சுமந்து போகும் சாப்பாடும் குண்டுகளும் சில நாளைக்குத்தான் வரும். வியட்நாமின் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் 1953 நவம்பரில் பிரெஞ்சு வீரர்கள் குதித்து இடத்தைப் பிடித்தார்கள், பிடித்ததெல்லாம் சரி, எதிரிகள் பீரங்கிகளை மலைமேல் இழுத்துக்கொண்டுவந்து ஓடுதளத்தை அடித்து நொறுக்கியதும் விமானம் இறங்க வழியில்லை, போட்ட மூட்டைகளில் பல எதிரி பக்கம் விழுந்தன, 1954 மே 7-ல் பிரெஞ்சுப் படை தோற்று எல்லாம் முடிந்துபோனது.

அப்புறம் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே! வேலூர் வெயிலில் வளர்ந்த பையனைச் சில மணி நேரத்தில் லே-யில், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், இறக்கினால் அந்தக் காற்றுக்குப் பழகவே 6 நாள் வேண்டும். அதற்கும் மேலே போனால் இன்னும் கூடுதல் நாள். விமானத்துக்கும் அதே கதைதான், காற்று மெலிந்த இடத்தில் அது தூக்கும் சுமை குறையும். அதனால்தான் மலையைக் குடைந்தாவது சாலை வேண்டும் என்கிறேன்.

கேள்வி: 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தபோது, ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு ஆங்கிலேயரின் படை எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது? – ஒரு வாசகி, ராணிப்பேட்டை

பதில்: குதிரையில்தான். 25 கிலோமீட்டர் சுமார். சேதி கிடைத்ததும் ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி கொஞ்சம் பேரோடு முன்னால் பாய்ந்து வந்தார், ஆனால் கோட்டைக் கதவைத் திறக்க முடியவில்லை, கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் பீரங்கி வந்து கதவை உடைத்த பிறகே குதிரைப்படை உள்ளே நுழைந்து நம் சிப்பாய்களை வெட்டிச் சாய்த்தது. அந்தப் பீரங்கி வருவதற்குள் கதவுகளைப் பலப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.