செம்பருத்தி மட்டும் ஏன் இப்படி அப்பிக்கொள்கிறது?

கேள்வி: மாடித்தோட்டத்துச் செடிகளை நெருக்கத்தில் படமெடுக்கும் ஆசையில், 16-50 லென்ஸோடு சோனி மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்கினேன். செம்பருத்தியை எடுத்தால் சிவப்பு பெயின்ட் அப்பியதுபோல் வருகிறது. இதழில் ஒரு நரம்புகூடத் தெரிவதில்லை. பூவின் நுனியில் ஃபோகஸ் வைத்தால் இதழ் மங்குகிறது. என் செல்போனே இதைவிட நன்றாக எடுக்கிறது. மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுப்பதற்கான லென்ஸ்) வாங்கினால் சரியாகுமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு பிரச்சினைகளில் முதலாவதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, மேக்ரோ லென்ஸோடு இன்னும் கிட்டே போகப் போக மோசமாகத்தான் ஆகும்.

சிவப்பிலிருந்து தொடங்குவோம். கேமரா மொத்த வெளிச்சத்தை எடைபோட்டுத்தான் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை, முடிவு செய்கிறது. சுற்றிலும் கரும்பச்சை இலை, நடுவில் வெயில் பட்ட ஒரு சிவப்புப் பூ என்றால், 'இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பச்சையும் நீலமும் பாதிகூட நிரம்பாத நிலையிலேயே சிவப்புச் சேனல் (படத்தில் சிவப்பின் அளவைப் பதியும் பகுதி) விளிம்பு தட்டி வழிந்துவிடும். இதழின் நரம்பு என்பது ஒரு சிவப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த சிவப்புக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டுமே உச்ச அளவான 255-இல் போய் முட்டிக்கொண்டால் நரம்பு எங்கிருந்து தெரியும்?

வெளிச்சத்தை மட்டும் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது. அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் மதிப்பு அதிகம். சிவப்பு வழிந்தாலும் வரைபடம் சமத்தாக நடுவில் உட்கார்ந்திருக்கும். எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனை அழுத்திக்கொண்டே போங்கள்; மூன்று நிறங்களும் தனித்தனியாக வரும் திரை ஒன்று உண்டு. சிவப்பு மலை வலது சுவரில் மோதி நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-க்கு இறக்குங்கள். 'விவிட்' மாதிரியான வண்ணத் தேர்வு இருந்தால் 'நியூட்ரல்' ஆக்கிவிடுங்கள். கூடவே ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல்) எடுங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம், கேமராவே பதப்படுத்திச் சுருக்கும் ஜேபெக் படத்தை வைத்து வரைவது. அதில் போய்விட்டதாகத் தெரியும் சிவப்பு பல சமயம் ராவில் பத்திரமாக இருக்கும்.

உங்கள் மாடியில் பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். வலைக்கடியில் எல்லாவற்றின் மேலும் லேசான பச்சை படியும்; சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போகும். ஒரு வருடம் முழுக்க இதைக் கவனிக்காமல் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். பூவுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து கஸ்டம் வைட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியைத் தூக்கி வலைக்கு வெளியே, சுவர் நிழலில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்து மங்கல். செல்போனின் சென்சார் மிகச் சின்னது, அதனால் முன்னும் பின்னும் நிறையத் தெளிவாக விழுகிறது. உங்கள் சென்சார் பெரிது. இந்த லென்ஸை 50-இல் வைத்து முடிந்தவரை கிட்டே போனால், ஏறத்தாழ பத்து, பதினொரு சென்டிமீட்டர் அகலம் ஃபிரேமில் நிரம்பும், அதாவது ஒரு முழுச் செம்பருத்தி. அந்த நெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும், தெளிவின் ஆழம் கூடும்) தெளிவு கிடைக்கும் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். ஆனால் செம்பருத்தியில் மகரந்தத் தண்டு இதழை விட்டு ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது! நேர் எதிரே நின்று எடுத்தால் ஏதாவது ஒன்று மங்கத்தான் செய்யும்.

அதனால் பக்கவாட்டுக்கு வாருங்கள். தண்டு முழுநீளமும் கேமராவின் முதுகுக்கு இணையாக, ஸ்கேல் வைத்ததுபோல் கிடக்கட்டும். அப்போது நுனியில் உள்ள ஐந்து சிவப்புப் பொட்டு, அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தப் பொடி, தண்டு இதழுக்குள் இறங்கும் இடம் எல்லாமே அந்த 8 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பின்னால் இதழ் மங்கினால் மங்கட்டும், அழகாகத்தான் இருக்கும். எஃப் 22 வரை போகலாமே என்று தோன்றும். எஃப் 16 தாண்டினால் படம் முழுக்கவே கொஞ்சம் சொதசொதவென்று ஆகிவிடும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து ஃபோகஸ் பிடிக்கப் பழகுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 800 ஆனாலும் பரவாயில்லை. செம்பருத்தி அன்று பூத்து அன்றே வாடும் பூ. காலையில் நன்றாக விரிந்ததும், காற்று கிளம்புவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஒரு குச்சியை மண்ணில் குத்தி, துணி க்ளிப்பால் காம்பைப் பிடித்துவைத்தால் ஆட்டம் பாதி குறையும். வெயில் சுள்ளென்று அடித்தால் பழைய வெள்ளை வேட்டியை மேலே கட்டிவிடுங்கள். ஒற்றை மடிப்பு போதும்.

எடிட்டிங்கில் பெரிய வேலை இல்லை. லைட்ரூம் இல்லாவிட்டால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். முதலில் வைட் பேலன்ஸ். பச்சை ஏறியிருந்தால் டின்ட்டை மெஜந்தா (இளஞ்சிவப்பு) பக்கம் தள்ளுங்கள். ஹைலைட்டை (படத்தின் மிக வெளிச்சமான பகுதிகளை) குறையுங்கள். பிறகு மொத்த சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) தொடாமல், சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும் 15, 20 புள்ளி இறக்கிப் பாருங்கள். நிறத்தைக் குறைத்தால் பூ வெளிறிவிடும் என்று பயம் வரும். நடப்பது நேர்மாறு: நரம்புகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஷார்ப்பனிங் செய்யும்போது லைட்ரூமில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் என்ற பட்டியை நகர்த்துங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும்தான் கூர்மை ஏறும், மங்கிய பின்னணியில் பொரிப்பொரியாக வராது.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு, மகரந்தப் பொடியை மட்டும் ஃபிரேம் நிறைய எடுக்கத் தோன்றினால், அப்போதும் முதலில் எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) வாங்குங்கள். 50 எம்எம் லென்ஸுக்குப் பின்னால் 26 எம்எம் டியூப் போட்டால் பாதி உயிரளவு கிடைக்கும், அதாவது சென்சாரில் விழும் பிம்பம் நிஜப் பொருளில் பாதி அளவு இருக்கும். கிடைக்கும் ஆழம் அப்போது 2 மில்லிமீட்டர்தான், சொல்லிவிட்டேன்.

அப்புறம், அந்த அளவு நெருங்கும்போது இதழின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது தூசியில்லை, மாவுப்பூச்சி. எடிட்டிங்கில் ஹீலிங் பிரஷ்ஷால் (புள்ளி, கறைகளை அழிக்கும் கருவி) அதை அழிக்கும் முன் செடிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துவிடுங்கள்.